மாட்: டெர்ம் ரீரைட்டிங்கைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி

லாம்டா கால்குலஸையும் (சார்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை) டெர்ம் ரீரைட்டிங்கையும் (ஒரு கோவையை, அதாவது குறிகளால் ஆன தொடரை, விதிப்படி படிப்படியாக மாற்றுவது) தாளில் மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட் என்று ஒரு மொழி இருக்கிறது, நாலு மாதமாக மாலை நேரமெல்லாம் அதோடுதான் போகிறது. அமெரிக்காவில் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலிலும் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் ஹோசே மெசெகேரும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்தது. ஜோசப் கோகன் தொடங்கிய ஓபிஜே மொழிகளின் வழியில் வந்தது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், காசு கிடையாது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும்.

இதில் நிரல் என்றாலே சமன்பாடுகள்தான். 0 + ந = ந என்று ஒன்று, (மவுக்கு அடுத்தது) + ந = (ம + ந)வுக்கு அடுத்தது என்று இன்னொன்று, அவ்வளவு எழுதினால் கூட்டல் வந்துவிடும். சமன்பாடு என்று பெயர் இருந்தாலும் மாட் அதை இடமிருந்து வலமாக மட்டுமே படிக்கும். இடப்பக்க வடிவம் எங்கே பொருந்துகிறதோ அங்கே வலப்பக்கத்தை வைக்கும், பொருந்த இடமே இல்லாதபோது நிற்கும். 2 + 2 கொடுத்தேன் (2 என்றால் 0-வுக்கு அடுத்ததற்கு அடுத்தது), விடையோடு "மாற்றங்கள்: 3" என்றும் வந்தது. தாளில் எண்ணிப் பார்த்தால் சரியாக மூன்றுதான். டிரேஸைப் போட்டுவிட்டால் எந்தச் சமன்பாடு எந்தத் துண்டில் பொருந்தியது, எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்று ஒவ்வொரு படியையும் காட்டுகிறது. இந்த டிரேஸுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

அ + ஆ = ஆ + அ என்று சமன்பாடாக எழுதினால் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. அதனால் இடம் மாறலாம், அடைப்பு மாறலாம், 0 சேர்ந்தால் ஒன்றும் ஆகாது என்பதையெல்லாம் அந்தக் குறியின் பண்பாகவே அறிவித்துவிடலாம், பொருத்தம் பார்க்கும்போதே மாட் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாமே எழுதப்போனால் எவ்வளவு வேலை என்பது முயன்றவர்களுக்குத் தெரியும்.

சமன்பாடு தவிர விதி என்று தனியாக ஒன்று உண்டு. சமன்பாட்டை எந்த வரிசையில் போட்டாலும் ஒரே விடைதான் வர வேண்டும், விதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பல பக்கம் கிளைக்கலாம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் பழைய கணக்கை விதிகளாக எழுதித் தேடு கட்டளையைக் கொடுத்தேன். கிட்டத்தில் இருக்கும் நிலைகளை முதலில் பார்த்துக்கொண்டே போவதால் 7 பயணம் கொண்ட மிகக் குறுகிய வழியே கிடைத்தது.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் பட்டது. மாட் நம்மை நம்புகிறது. நம் சமன்பாடுகள் முடியக்கூடியவை, எந்த வழியில் போனாலும் ஒரே இடத்தில் வந்து சேருபவை என்று எடுத்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது, தானாகச் சோதிப்பதில்லை. இரண்டும் பொதுவாகத் தீர்மானிக்கவே முடியாத கேள்விகள் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இது தெரியாமல் உள்ளே போனால் தவறான விடையை நம்பிவிடுவோம்.

எனக்கு அது புணர்ச்சி விதியில் நடந்தது. நன்னூல் புணர்ச்சி விதிகள் சிலவற்றை எழுத்துகளுக்கு ரோமன் குறி வைத்து எழுதிப் பார்த்தேன். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும் என்பது பொது விதி. மகர ஈறு கெடும் என்பது சிறப்பு விதி, அதற்கப்புறம் சொல் உயிரீறு போல நடந்து உடம்படுமெய் வாங்கும். மரம் + அடி கொடுத்தால் மரவடி வர வேண்டும். வந்தது மரமடி, ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஒரே கோவையில் இரண்டு விதியும் பொருந்துகிறது, இரண்டும் வெவ்வேறு முடிவுக்குப் போகிறது. இப்படி மோதும் இடங்களைத்தான் கிரிட்டிகல் பேர் என்கிறார்கள், கனூத்தும் பெண்டிக்ஸும் 1970-இல் எழுதிய கட்டுரையின் மையமே அதுதான். எல்லா மோதலும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், விதிகள் முடியக்கூடியவையாகவும் இருந்தால், விடை ஒன்றே என்பது நியூமன் 1942-இல் காட்டியது. இலக்கணம் படித்தவருக்குச் சிறப்பு விதி முந்தும் என்பது சொல்லாமலே தெரியும், மாட்டுக்குச் சொல்ல வேண்டும். வேறெதுவும் பொருந்தாவிட்டால் மட்டும் என்று ஒரு சமன்பாட்டில் குறிக்க வசதி இருக்கிறது, பொது விதியில் அதைப் போட்டதும் மரவடி வந்தது. மோதலைச் சோதித்துச் சொல்லும் கருவி தனியாகக் கிடைக்கிறது, முதலிலேயே அதை ஓட்டியிருக்க வேண்டும்.

லாம்டா கால்குலஸ் இதில் தயாராகக் கிடைக்காது, நாமே கட்ட வேண்டும். குறை என்று நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. மாறி, லாம்டா (ஒரு மாறியை உள்ளீடாக வாங்கும் சார்பு), பிரயோகம் (சார்புக்கு உள்ளீட்டைக் கொடுப்பது) என்று மூன்றே உறுப்புகள், சார்பின் மாறி இருக்கும் இடத்தில் உள்ளீட்டை வைக்கும் பீட்டா விதி ஒரே வரி, ஆனால் அந்த வரிக்குள் இருக்கும் பதிலீடு என்ற சொல்லில்தான் மொத்தச் சிக்கலும். (லாம்டா க. லாம்டா ச. க) என்பதற்குச் ச என்ற வெளி மாறியைக் கொடுத்தால், கவனமில்லாமல் பதிலிட்டால் உள்ளே இருக்கும் லாம்டா அதைப் பிடித்துக்கொள்கிறது, பொருளே மாறிவிடுகிறது. கடைசியில் டி பிரய்ன் 1972-இல் சொன்ன வழிக்கே போனேன்: மாறிக்குப் பெயரே வேண்டாம், எத்தனை லாம்டா தாண்டிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற எண் போதும்.

அப்புறம் ஒமேகா. (லாம்டா க. க க) என்பதைத் தன்மேலேயே பிரயோகித்தால் ஒரு படியில் பழையபடி தானே வந்து நிற்கும். ஓடவிட்டேன், நிற்கவில்லை, கன்ட்ரோல்-சி அழுத்தியதும் டீபக்கருக்குள் (பிழை தேடும் பகுதிக்குள்) போய் நின்றது. அதைவிடச் சுவையானது, முதல் உள்ளீட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கி எறியும் சார்புக்கு இரண்டாவதாக ஒமேகாவைக் கொடுப்பது. வெளியிலிருந்து குறைத்தால் (விதிப்படி மாற்றிக்கொண்டே போனால்) விடை உண்டு, உள்ளிருந்து குறைத்தால் கிடையாது. மாட் வழக்கமாக உள்ளீடுகளை முதலில் குறைப்பதால் மாட்டிக்கொண்டது. எந்த உள்ளீட்டை எப்போது குறைப்பது என்று ஒவ்வொரு குறிக்கும் தனியாகச் சொல்லலாம், பிரயோகத்துக்குச் சொன்னேன், அப்போதும் நிற்கவில்லை. அரை மணி நேரம் டிரேஸைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, பதிலீட்டுக் குறி தன் உள்ளீட்டை உடனே குறைக்கப் போய் அங்கே சிக்குகிறது. அதற்கும் சொன்னதும் விடை வந்துவிட்டது. குறைக்கும் முறை என்று பாடத்தில் படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் புரிந்தது.

சங்கடங்களும் உண்டு. ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் புள்ளி வேண்டும், அதற்கு முன்னால் இடைவெளி வேண்டும், அதை விட்டால் புள்ளி முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டு பிழை வேறெங்கோ காட்டப்படும். கையேடு முழுமையானது, ஆனால் ஆராய்ச்சியாளருக்கு எழுதியது போன்ற நடை. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்காமல், கூட்டலையும் பட்டியலையும் எழுதிப் பார்த்துவிட்டு நடுவிலிருந்து தொடங்குங்கள். தினசரி மென்பொருள் எழுத இது வேண்டாம். நிரல்மொழிப் பாடம் எடுக்கும் மாணவர்களும், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகளைச் சரிபார்க்க நினைப்பவர்களும் ஒரு வாரமாவது வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து 1991-இல் அபாடி, கார்டெல்லி, கூரியன், லெவி நால்வரும் வெளியிட்ட வெளிப்படைப் பதிலீட்டு முறையை எழுதப் போகிறேன். அதில் பதிலீடே சாதாரண விதிகளாகிவிடுகிறது, மாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 1995-இல் மெலியஸ், லாம்டா கால்குலஸில் எப்படிக் குறைத்தாலும் முடிந்துவிடுகிற ஒரு கோவை அந்த முறையில் முடியாமல் ஓடலாம் என்று காட்டினார். அந்த ஓட்டத்தை டிரேஸில் பார்க்க வேண்டும்.