கொன்ஜுந்திவோவுடன் சில வருடங்கள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

போர்ச்சுகீசிய இலக்கணத்தில் கொன்ஜுந்திவோ என்று ஒன்று உண்டு. பிரேசிலில் அதையே சுப்ஜுந்திவோ என்பார்கள். நடந்தது, நடப்பது என்று உறுதியாகச் சொல்ல ஒரு வினை வடிவம் இருக்கிறது. நடக்க வேண்டும், நடக்கலாம், நடந்தால் என்று இழுக்கும்போது வினை வேறு வடிவத்துக்கு மாறுகிறது. அந்த மாறிய வடிவம்தான் இது. லிஸ்பனில் வேலை பார்த்துக்கொண்டு சில வருடங்களாகத் தினமும் புழங்கிய பிறகு எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பயமுறுத்தும் அளவுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் பெரும்பாலான வகுப்புகள் கற்றுத்தரும் வரிசை நமக்கு ஒத்துவராது. அவர்கள் கடைசியில் வைத்திருக்கும் பகுதியைத்தான் தமிழ் பேசுகிறவர் முதலில் எடுக்க வேண்டும்.

(போர்ச்சுகீசிய வடிவங்களை இங்கே எழுத்தை ஒட்டித்தான் எழுதியிருக்கிறேன். லிஸ்பன்காரர்கள் பாதி உயிரெழுத்துகளை விழுங்கிவிடுவார்கள், அதைத் தமிழில் எழுத முடியாது.)

துணைவினை சேராத தனிவினையில் காலம் மூன்று: நிகழ்காலம், முடிவுறா இறந்தகாலம், எதிர்காலம். வகுப்புகளும் இதே வரிசையில்தான் போகும். குடியுரிமைக்குக் கேட்கும் ஏ2 என்ற அடிப்படை மொழி நிலையில் ஏவல் வடிவங்களைத் தாண்டி இது அதிகம் வராது. அடுத்த நிலையான பி1 வந்ததும் நிகழ்காலத்தில் ஆரம்பிப்பார்கள்.

நிகழ்காலம் எளிது. 'நான்' வடிவத்தை எடுத்து, கடைசி உயிரை மாற்றினால் போதும். ஃபாஸோ (செய்கிறேன்) ஃபாஸா ஆகும், தேன்யோ (என்னிடம் இருக்கிறது) தேன்யா ஆகும், தீகோ (சொல்கிறேன்) தீகா ஆகும். 'ஆர்' என்று முடியும் வினைகளில் 'ஏ' வரும், மற்றவற்றில் 'ஆ'. இதற்கு அடங்காதவை ஏழே ஏழு: ஸேஜா, எஸ்தேஜா, ஆஜா, ஸாய்பா, கேய்ரா, தே, அப்புறம் வா. இந்தக் கடைசி 'வா' போவதைக் குறிக்கிறது என்பதை ஜீரணிக்க நமக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

வகுப்புக்குப் போகாதவர்கூட இதைத் தெருவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். காப்பிக்கடை கவுண்டரில் நின்றால் "தீகா" என்பார்கள், சொல்லுங்க என்று. ஏடிஎம்மில் அட்டையை எடுக்கச் சொல்வதும் காத்திருக்கச் சொல்வதும் இதே வடிவம். கடைக் கதவில் 'புஷே' என்று எழுதியிருக்கும், வாயால் சொன்னால் ஆங்கில 'புஷ்' மாதிரியே கேட்கும், ஆனால் இழுக்க வேண்டும். மரியாதை ஏவல் முழுக்க கொன்ஜுந்திவோவிடம் கடன் வாங்கியதுதான். 'செய்யாதே' என்று தடுப்பதற்கும், எதிரில் இருப்பவர் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும், இந்த வடிவம்தான்: நௌ ஃபலேஸ், பேசாதே.

சரி, எதிர்காலத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் அதிகம் உழைப்பது இதுதான். "வந்தால்", "முடிந்தால்", "வேண்டும்போது", "வந்ததும்" என்று வாய் திறக்கும் இடமெல்லாம் இது வந்து நிற்கும். ஸே புதேர், முடிந்தால். குவாந்து கிஸேர், எப்போது வேண்டுமானாலும். கோமோ கிஸேர், உங்கள் இஷ்டம். ஸே தேயுஸ் கிஸேர் (கடவுள் விரும்பினால்) என்பதைப் பாட்டிமார்கள் மட்டுமல்ல, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் சொல்கிறார்கள். ஃபிரெஞ்சிலும் இத்தாலியிலும் இப்படி ஒரு காலமே கிடையாது. ஸ்பானிஷில் சட்ட வாசகங்களிலும் பழமொழிகளிலும்தான் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் மற்ற ஐரோப்பிய மொழிக்காரர்களை மனதில் வைத்து எழுதிய பாடங்கள் இதைப் பெரிய விசித்திரமாகக் கடைசிக்குத் தள்ளுகின்றன.

நமக்கு இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. இது உருவாகும் விதம்: இறந்தகாலத்தில் 'அவர்கள்' வடிவத்தை எடு, கடைசி 'ஆம்' என்பதை வெட்டு. வியேராம் (வந்தார்கள்) என்பதிலிருந்து வியேர். ஃபிஸேராம் (செய்தார்கள்) என்பதிலிருந்து ஃபிஸேர். திவேராமிலிருந்து (அவர்களிடம் இருந்தது) திவேர், புதேராமிலிருந்து (அவர்களால் முடிந்தது) புதேர். இன்னும் நடக்காத விஷயத்துக்கு இறந்தகால அடியா என்று மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். தமிழில் நாம் செய்வதும் அதேதான். வந்தான், வந்தால். செய்தான், செய்தால். போனான், போனால். நாளை வரப்போகிறவரைப் பற்றி "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்று இறந்தகால அடியை வைத்துத்தான் பேசுகிறோம். போர்ச்சுகீசியத்தில் அஸ்ஸிம் கே எலே வியேர். இந்த ஒற்றுமை பிடிபட்ட பிறகு நான் அட்டவணையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். இறந்தகாலத்தை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வருகிறது. இந்த விதிக்கு விதிவிலக்கே கிடையாது என்பது கூடுதல் லாபம். போர்ச்சுகீசிய வினைகளைப் பற்றி இப்படிச் சொல்லக் கிடைப்பது அபூர்வம்.

முடிவுறா இறந்தகாலமும் அதே அடியில் நிற்கிறது. 'ராம்' என்பதை வெட்டி 'ஸ்ஸே' சேர்த்தால் வியெஸ்ஸே, திவெஸ்ஸே, ஃபோஸ்ஸே. நமக்கு உண்மையிலேயே இடறும் இடம் இங்கேதான். தமிழில் "பணம் இருந்தால் வாங்குவேன்" என்றால் பணம் வரக்கூடியதா, வெறும் கனவா என்று வினை சொல்லாது, பேசுகிறவர் குரலில் தெரியும். போர்ச்சுகீசியம் விடாது. கையில் வர வாய்ப்பிருந்தால் ஸே திவேர், கற்பனை என்றால் ஸே திவெஸ்ஸே. கற்பனை வாக்கியத்தின் மறுபாதிக்கு புத்தகம் கொம்ப்ராரியா (வாங்குவேன்) என்று போடச் சொல்லும். லிஸ்பனில் பேச்சில் கொம்ப்ராவா என்றே முடித்துவிடுவார்கள். இந்த ஊரில் வீடு வாங்குவது பற்றிய பேச்சு முழுக்க திவெஸ்ஸேயில்தான் நடக்கிறது.

எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. ஒரே அர்த்தம் இருக்கும் இரண்டு சொற்கள் வேறு வேறு வடிவம் கேட்கும். 'ஸே'வுக்கு வியேர் என்றால், அதே நிபந்தனையைச் சொல்லும் 'காஸோ'வுக்கு வேன்யா. நிபந்தனை 'ஸே'வுக்குப் பின்னால் நிகழ்கால கொன்ஜுந்திவோ வரவே வராது. அதேபோல 'தல்வேஸ்' (ஒருவேளை) வினைக்கு முன்னால் வந்தால் கொன்ஜுந்திவோ கேட்கும். போர்ச்சுகலில் அதே அர்த்தத்தில் ஓயாமல் புழங்கும் 'ஸே கல்யார்' சாதாரண வடிவத்தோடு திருப்தி அடைந்துவிடும். அவசரத்தில் பேசும்போது நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொரு கண்ணி வேர் (பார்), வீர் (வா) என்ற இரண்டு வினைகள். பார்த்தார்கள் என்பது வீராம், ஆகவே 'பார்க்கும்போது' என்பதற்கு குவாந்து வீர். வந்தார்கள் என்பது வியேராம், ஆகவே 'வரும்போது' குவாந்து வியேர். 'வா' என்ற வினையின் மூல வடிவம் 'பார்' என்பதன் எதிர்கால கொன்ஜுந்திவோவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. குழப்பம் நமக்கு மட்டும் இல்லை, தாய்மொழிக்காரர்களே குவாந்து வேர் என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம்.

தப்பிக்கும் வழியும் மொழிக்குள்ளேயே இருக்கிறது: ஆள் விகுதி ஏற்கும் மூல வினை. "நீ போவது நல்லது" என்பதற்கு ஏ மெல்யோர் கே வாஸ் என்று கொன்ஜுந்திவோவில் சொல்லலாம், ஏ மெல்யோர் ஈரெஸ் என்றும் சொல்லலாம். இரண்டாவது கிட்டத்தட்ட நம் "நீ போவது" தான். 'செய்வதற்கு', 'செய்யாமல்', 'செய்வதற்கு முன்' போன்ற இடங்களிலும் இது வேலையை முடித்துவிடும். ஒழுங்கான வினைகளில் இதுவும் எதிர்கால கொன்ஜுந்திவோவும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றைப் படித்தால் இன்னொன்று இலவசம். ஆனால் 'கேரோ கே' (எனக்கு வேண்டும்), 'எஸ்பெரோ கே' (நம்புகிறேன்) என்று ஆரம்பித்துவிட்டால் தப்ப முடியாது. நீ வர வேண்டும் என்றால் கேரோ கே வேன்யாஸ்தான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிரிபெரம் இணைய அகராதியில் எந்த வினையைத் தட்டினாலும் முழு அட்டவணையும் வரும், இலவசம். நான் அதில் பார்ப்பது இறந்தகாலத்து 'அவர்கள்' வரியை மட்டும். கைப்பேசிச் செயலிகளில் பல பிரேசில் வழக்கையே கற்றுத்தருகின்றன. கொன்ஜுந்திவோ உருவாகும் விதம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அவற்றில் 'ஸே கல்யார்' கிடைக்காது, 'நீ' வடிவங்களும் சரியாகப் பழகாது. பிரேசிலுக்குப் போகிறவர்களுக்கு அதற்குப் பதில் 'தொமாரா கே' இருக்கிறது, நடக்கணுமே என்று ஏங்குவதற்கு.

கூட்டு வடிவங்களில் திவெஸ்ஸே வீந்தோ (வந்திருந்தால்) நம் 'இருந்தால்' மாதிரியே துணைவினை போட்டு நடப்பதால் சுலபமாக ஒட்டிக்கொண்டது. திவேர் ஃபெய்தோ, அதாவது எதிர்காலத்தில் ஒரு வேலை முடிந்திருக்கும் நிலை, அலுவலகக் கடிதங்களில் கண்ணில் படுகிறது. வாயில் எடுக்கும் அவசியம் இன்னும் எனக்கு வரவில்லை. ஸ்பானிஷ் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் மட்டும் ஒன்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: அங்கே 'எப்போது வந்தாலும்' என்பதற்கு நிகழ்காலத்தைப் போட்டுப் பழகியிருப்பார்கள். இங்கே வந்து குவாந்து வேன்யா என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரியும், ஆனால் ஸ்பெயினிலிருந்து வந்தவர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.