அன்பவுண்டு: மெயில் சர்வருக்குள்ளேயே ஒரு டிஎன்எஸ்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மெயில் சர்வர் என் பொறுப்பு. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்பேமைப் பிரித்தெடுக்கும் ஸ்பேம் அசாசினும் ஓடுகின்றன. காலையில் ஸ்பேம் கூட்டமாக வந்து விழும்போது பையர் அனுப்பிய லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல் மெயிலும் அதோடு சிக்கிக்கொள்ளும், "ஏனுங்ணா, அனுப்பிட்டேங்கறான், இங்க காணோமுங்க" என்று மெர்ச்சண்டைசர் என் சீட்டுக்கே வந்து நின்றுகொள்வார். ராம்தான் போதவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் சிபியு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அத்தனையும் டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு உரிய ஐபி எண்ணைத் தேடிச் சொல்லும் சேவை) பதிலுக்கான காத்திருப்பு. ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்பியவரின் ஐபி எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டு பிளாக்லிஸ்ட்டில் (ஸ்பேம் அனுப்புவோர் பட்டியல், அதுவும் டிஎன்எஸ் வழியாகத்தான் பதில் சொல்லும்) கேட்க வேண்டும், உள்ளே இருக்கும் லிங்க்குகளையும் கேட்க வேண்டும், ஒரே ஐபி நாற்பது மெயில் அனுப்பினால் நாற்பது தடவையும் வெளியே போய்த்தான் கேட்டு வந்தது.

நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் இலவசமாகத் தரும் டிஎன்எஸ் சாஃப்ட்வேரான அன்பவுண்டை அதே சர்வரில் போட்டு, நேம்சர்வராக 127.0.0.1 (அதாவது அந்த சர்வரையே) கொடுத்தேன். டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கமாண்டை அடித்தால் முதல் தடவை 200 மில்லிசெகண்ட் கிட்டே காட்டியது, அடுத்த தடவை 0, பதில் கேச்சிலிருந்தே (ஞாபகத்திலிருந்தே) வந்துவிட்டது. 'லிஸ்ட்டில் இல்லை' என்ற பதிலையும் இது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ப்ரீஃபெட்ச் ஆன் செய்தால், பதிலின் ஆயுள் (டிடிஎல்) பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது யாராவது கேட்டாலே புதுப் பதிலை வாங்கி வைத்துவிடும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் என்ற பிளாக்லிஸ்ட் அமைப்பு பதில் தராமல் 127.255.255.254 என்று பிழை எண்ணைத் தள்ளும், எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும்படி நீங்கள் வைத்திருந்தால் நல்ல மெயிலும் போச்சு. அன்பவுண்டை வேறு டிஎன்எஸ்ஸுக்கு ஃபார்வர்ட் போடாமல் விட்டால் கேள்வி நம் சொந்த ஐபியிலிருந்தே போகும். (அவர்களுடைய இலவசப் பயன்பாட்டு நிபந்தனையை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.)

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு கேச்-மின்-டிடிஎல்லை (பதிலைக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற செட்டிங்) ஆறு மணி நேரம் என்று வைத்தேன். எங்களுக்குச் சாயம் போடும் பட்டறையின் ஐபி பிளாக்லிஸ்ட்டிலிருந்து மத்தியானமே வெளியே வந்துவிட்டது, எங்கள் சர்வர் மட்டும் சாயங்காலம் வரை அவர்கள் மெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அதில் கை வைப்பதில்லை.

குறை என்றால் ரீஸ்டார்ட் ஆனால் கேச் மொத்தமும் காலி. மாதாந்திர கரண்ட் கட் அன்றைக்கு யூபிஎஸ்ஸும் படுத்துவிட்டால், திரும்ப எழுந்ததும் கொஞ்ச நேரம் பழைய கதைதான்.