வாழ்நாள் லைசென்ஸ் ஒன்பது மாதத்தில் செத்துப்போன கதை

வீட்டு ஸ்டுடியோவுக்கு ரெக்கார்டிங் மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? முழுப் பதிப்பு, வாழ்நாள் லைசென்ஸ், பத்தில் ஒரு பங்கு விலை என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெரிய பெயருள்ள மென்பொருள். எதுவென்று சொல்லப்போவதில்லை, தயாரித்தவர்கள் மேல் தப்பில்லை. விற்றவர் ஒரு தனி ஆள். "மத்ததைவிட இதுல லேட்டன்சி கம்மி, சவுண்டே வேற மாதிரி இருக்கும் சார்" என்றார். நம்பினேன். லேட்டன்சி என்றால் நாம் பாடுவதற்கும் அது ஹெட்ஃபோனில் கேட்பதற்கும் நடுவில் விழும் தாமதம். ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (48,000 ஹெர்ட்ஸ்) எடுத்து, 256 சாம்பிளாகச் சேர்த்துக் கையாளும்படி பஃபர் வைத்தால் எந்த மென்பொருளாக இருந்தாலும் அந்த பஃபரின் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல்தான். மிச்சமெல்லாம் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸும் அதன் டிரைவரும் செய்கிற வேலை. இது அப்போது எனக்குத் தெரியாது.

பணம் அனுப்பியதும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் வந்தன. "பாஸ்வேர்டை மட்டும் மாத்திடாதீங்க" என்று ஒரு கண்டிஷன் வேறு. லாகின் செய்தபோது சரிபார்ப்பு எண் அவருக்குப் போனது. அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். நான் வாங்கிய பொருளின் சாவி அவர் பையில் இருக்கிறது என்று அந்த நிமிடமே உறைத்திருக்க வேண்டும். மென்பொருள் திறந்த சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

ஒன்பது மாதம் ஓடியது. ஒரு நாள் காலை, இந்தக் கணினிக்கு லைசென்ஸ் இல்லை என்று திரையில் வந்து நின்றது. ஒரு கணக்கில் குறிப்பிட்ட சில கணினிகளைத்தான் சேர்க்க முடியும். அதே கணக்கை எத்தனை பேர் தலையில் கட்டினாரோ, அவர்களில் யாரோ என் கணினியை நீக்கிவிட்டுத் தன்னுடையதைச் சேர்த்திருக்கிறார். விற்றவர் முதலில் சர்வர் பிரச்சினை என்றார். அப்புறம், பாதிப் பணம் கொடுத்தால் புதுக் கணக்கு தருவதாகச் சொன்னார். அதற்கப்புறம் பதிலே இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கு உங்கள் பெயரில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே.

பணத்தைக்கூட விடுங்கள். நான்கு மாதமாகச் செதுக்கிய பாட்டு, 23 ட்ராக், அதற்குள் மாட்டிக்கொண்டது. ப்ராஜெக்ட் ஃபைலை வேறு எந்த மென்பொருளும் திறக்கவில்லை. ஆடியோ ஃபோல்டரில் வேவ் ஃபைல்கள் இருந்தன. ஆனால் முன்னூறுக்கு மேல் துண்டுகள், பெயரில் வெறும் எண்கள். ரீப்பர் என்ற இன்னொரு ரெக்கார்டிங் மென்பொருளை 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள், அதில் கொண்டுவந்து கொட்டினேன். நல்லவேளை, அவை பிராட்காஸ்ட் வேவ் வகை. பதிவான நேரக்குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருந்ததால், பெரும்பாலானவற்றைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்க முடிந்தது. ஒலியை மெல்ல ஏற்றி இறக்கிய ஃபேடு, சத்தம் தானாக மாறும்படி வைத்த ஆட்டோமேஷன், எந்தத் தடவை பாடிய டேக்கில் எந்த வரி நன்றாக வந்தது என்று பொறுக்கி ஒட்டிய வேலை எல்லாம் போயே போச்சு. கீபோர்டு மொத்தமும் போனது, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன் என்ற மிடி நோட்டுகள் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் இருந்ததால். இப்போதெல்லாம் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் எல்லா ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து முழு வேவாக எடுத்து வைத்துவிடுகிறேன். எரிச்சலான வேலைதான்.

பழைய லைசென்ஸ் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. பல நிறுவனங்களில் உரிமையை முறைப்படி உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றித் தருவார்கள், சிலர் கட்டணமும் வாங்குவார்கள். மாணவர் லைசென்ஸை மாற்ற முடியாது என்று சொல்கிற நிறுவனங்களும் உண்டு. உங்கள் கணக்கில் அது ஏறும்வரை பணத்தை அனுப்பாதீர்கள். பழைய இன்டர்ஃபேஸோடு மென்பொருள் இலவசம் என்பவரிடமும், அதைத் திறக்கும் ரகசிய எண் (கோட்) ஏற்கனவே யார் பெயரிலாவது பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் எனக்கு வேண்டியது ஒரு மைக், ஒரு கிட்டார், கொஞ்சம் கீபோர்டு. வேவ்ஃபார்ம் ஃப்ரீ என்ற இலவச ரெக்கார்டிங் மென்பொருளில் ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் சும்மாவே கிடைக்கிறது. வெறும் குரல் பதிவென்றால் ஆடாசிட்டி போதும்.

கீபோர்டை மறுபடி வாசித்துவிட்டேன். இரண்டாவது சரணத்தின் ஹார்மனி மட்டும் எந்தத் துண்டிலும் கிடைக்கவில்லை. பாடிய தோழியிடம் இன்னும் சொல்லவில்லை.