சிலிண்டர் இல்லாத செடித் தொட்டி: ஈஸ்ட் பாட்டிலும் சிட்ரிக் ஆசிட்டும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வருடங்களாக ஓடும் இந்தச் செடித் தொட்டிக்கு, அதாவது தண்ணீருக்குள் செடி வளரும் மீன் தொட்டிக்கு, நான் சிஓ2 (செடிகளுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு வாயு) சிலிண்டர் வாங்கியதே இல்லை. முதலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும், அப்புறம் சிட்ரிக் ஆசிட்டும் சமையல் சோடாவும். இரண்டையும் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது, வாயுவை வரவழைப்பது சுலபம். தினமும் ஒரே அளவில் வரவைப்பதுதான் பாடு.

ஈஸ்ட் முறை தெரிந்ததுதான். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் இரண்டு கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட், ஒரு சிட்டிகை சமையல் சோடா, முக்கால் பாட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். மூடியில் துளையிட்டு, தொட்டிக்குப் போகும் டியூபைச் செருகிப் பசை போட்டு அடைத்தால் வேலை முடிந்தது. ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் எடைக்கு ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி வாயுவாகவும் மாறும். சாராய ஊறலேதான். கூடத்தில் அந்த வாடை வந்தபோது அம்மா கேட்டதை இங்கே எழுத முடியாது.

குளிர்நாட்டுக்காரர்கள் இது இரண்டு மூன்று வாரம் வரும் என்பார்கள். இங்கே சித்திரை வெயிலில் முதல் சில நாள் பொங்கித் தள்ளும், ஒரு வாரம் தாண்டுவதற்குள் படுத்துவிடும். மார்கழியில் வேறு கணக்கு. இந்த ஏற்ற இறக்கம்தான் கருந்தாடிப் பாசிக்கு வாசல் திறக்கிறது. அனுபியாஸ் இலை ஓரத்திலும் ஃபில்டர் குழாயிலும் கறுப்பு முடிபோல ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. தொந்தரவு அதோடு முடிவதில்லை. ஈஸ்ட்டை இரவில் நிறுத்த முடியாது. விளக்கு அணைந்ததும் செடிகள் வாயுவை எடுப்பதை நிறுத்திவிட்டு, மீன்களைப் போலவே ஆக்சிஜனை இழுக்கும். வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தாண்டும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதனால் இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும். காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தால் முதலில் செய்ய வேண்டியது டியூபைக் கழற்றுவது, காரணம் தேடுவதெல்லாம் பிறகுதான்.

சிட்ரிக் ஆசிட் முறைக்கு மாறிய பிறகு இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டு பாட்டில், அவற்றை இணைக்கும் மூடி செட். செட்டில் அழுத்தமானியும், வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வும் இருக்கும். ஒரு பாட்டிலில் 200 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 600 மில்லி தண்ணீரில் நன்றாகக் கரைத்துவிட வேண்டும். கரையாத தூள் குழாயை அடைக்கும். இன்னொன்றில் சமையல் சோடாவும் 200 மில்லி தண்ணீரும். ஆசிட் பாட்டிலை ஒருமுறை பிதுக்கிக் கொஞ்சம் ஆசிட்டை அந்தப் பக்கம் தள்ளினால் போதும். பிறகு சோடா பாட்டிலில் அழுத்தம் குறையும்போதெல்லாம் ஆசிட் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எல்லோரும் சோடாவையும் 200 கிராமே போடுகிறார்கள். ரசாயனக் கணக்குப்படி அந்த ஆசிட்டுக்கு 250 கிராம் அளவுக்குச் சோடா தேவை, ஆகவே நான் சோடாவை அதற்கேற்பக் கூட்டிப் போடுகிறேன். நொடிக்கு ஒரு குமிழி, பகலில் ஏழு மணி நேரம் என்று விட்டால் ஒரு மாதம் பக்கம் வரும். மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் தண்ணீர், சிங்க்கில் ஊற்றிவிடலாம்.

பாட்டில் விஷயத்தில் சமரசம் கூடாது. சோடா, குளிர்பானம் வந்த பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், கண்ணாடி வேண்டவே வேண்டாம். அழுத்தத்தை முழுக்க வெளியேற்றாமல் மூடியில் கை வைக்காதீர்கள். தொட்டிக்குப் போகும் டியூபில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் அழுத்தம் இறங்கும் ஒருநாள் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் வந்துவிடும்.

வாயு போதுமா என்று பார்க்க டிராப் செக்கர் போதும். தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் இந்தச் சிறு குமிழில் இருக்கும் கரைசல் வாயுவின் அளவுக்கேற்ப நிறம் மாறும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சுமாருக்கு இருக்கிறது, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. உள்ளே ஊற்றுவது 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசலாக இருக்க வேண்டும். நம் போர் தண்ணீரை ஊற்றினால் அதன் கார்பனேட் கடினத்தன்மை நிறத்தையே பொய்யாக்கிவிடும். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால், குமிழியைக் கூட்டிவிட்டு உடனே எட்டிப் பார்ப்பதில் பயனில்லை. விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுகிறேன். மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும் டைமரும் போட்டால் அந்த வேலையும் இல்லை, ஈஸ்ட்டில் இந்த வசதி கிடையாது.

செடிகளில் பெரிய வித்தியாசம் காட்டியது ரோட்டாலா ரோட்டுண்டிஃபோலியா. வாயு சீரானதும் கணு நெருங்கி, நுனி சிவந்து, மதியத்துக்கு மேல் இலைகளில் ஆக்சிஜன் முத்து கட்டும். ஹைக்ரோஃபைலா வாராவாரம் கத்தரி கேட்கும். இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டியோ எதற்கும் அசையாது. நட்ட புதிதில் இலைகள் கூழாகும், பிடுங்காமல் விட்டால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்ட் மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் இந்தப் பாட்டில் வேலையே வேண்டாம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் யார் என்ன சொன்னாலும் சரி, விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குக் குறைத்து, அந்தக் காசில் ஒரு டைமர் வாங்குங்கள்.

செட்டில் தேய்வது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான். நாள்பட இறுகி வாயு கசியும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மூடியிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பார்த்துவிடுகிறேன். சிலிக்கான் டியூப் வழியாகவும் வாயு மெல்ல ஊறி வெளியேறும், சிஓ2-க்கென்று விற்கும் கெட்டி டியூபே நல்லது. தொட்டிக்குள் வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் செராமிக் டிஃப்யூசரில் பச்சை படிந்து குமிழி பெரிதானால், நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, பலமுறை அலசி, குளோரின் வாடை முழுக்கப் போன பிறகு மாட்டுங்கள்.