டயல் டம்மி: தைக்க சரி, பிரைடல் ஷோவில் நிறுத்தச் சரிப்படுமா?

முதல் பிரைடல் ஷோவுக்கு ஸ்டால் எடுத்ததும் சிறிய தையல் யூனிட்டுகள் பெரும்பாலும் வாங்குவது, டயலைத் திருப்பி அளவைக் கூட்டிக் குறைக்கும் இந்த உடல் வடிவ டம்மியைத்தான். மார்பு, இடுப்பு, ஹிப் மூன்றுக்கும் தலா 4 டயல், கழுத்துக்கு 1. பிளாஸ்டிக் கூட்டின் மேல் ஸ்பாஞ்சு ஒட்டிய துணி உறை, கீழே மூன்று கால் ஸ்டாண்டு. ஒரே டம்மியில் பல சைஸ் என்று சொல்லி விற்கிறார்கள். தையல் மேஜைப் பக்கத்தில் அந்தப் பேச்சு செல்லும். ஐவரி சாட்டின் கவுனை மாட்டி ஸ்பாட்லைட்டில் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. டயலைத் திருப்பும்போது உடம்பு பருப்பதில்லை. கூட்டின் 4 துண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. மார்பளவை 4 இன்ச் கூட்டினால் ஒவ்வொரு பிளவும் 1 இன்ச் திறக்கும். முன் நடுவிலும் அதே 1 இன்ச் திறப்பதால் இரண்டு மார்பு முனைகளுக்கும் இடையிலான தூரமும் 1 இன்ச் கூடிவிடுகிறது. உண்மையான உடம்பில் அவ்வளவு கூடாது. மார்பு முனை வழியாக நெடுகத் தையல் ஓடும் பிரின்சஸ் கட் கவுனில் அந்தக் கோடு முனைக்கு உள்பக்கமாக ஏறி நிற்பது இதனால்தான். தைத்தவர் மேல் தப்பு இல்லை. ஆனால் பார்க்க வரும் மணப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கனமான வெல்வெட்டில் பிளவு தெரியாது. சாட்டினிலும் கிரேப்பிலும் நெடுகக் கோடாக விழும். அதன் மேல் ஸ்டீமரை வைத்துக் கையால் அழுத்தினால் பிளவின் விளிம்பு துணியிலேயே பதிந்துவிடும். டம்மியில் மாட்டிய கவுனுக்கு ஆவி மட்டும் காட்டுங்கள், அழுத்த வேண்டாம்.

இதற்கு வழி உண்டு. எல்லா டயலையும் மூடி, டம்மியை மிகச் சிறிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஷோவுக்கு வைக்கும் கவுனுக்கு உள்ளே போட வேண்டிய பிராவையே டம்மிக்கு மாட்டி, கப்பில் பாலியஸ்டர் பஞ்சை நிரப்புங்கள். இடுப்பு, ஹிப், முதுகுக்கு வேடிங் ஷீட்டை (தட்டையான பஞ்சு விரிப்பை) அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். கீழ் அடுக்கு சிறியதாகவும், மேலே போகப் போக ஒவ்வொன்றும் அரை இன்ச் பெரியதாகவும் இருந்தால் விளிம்பு மேடு தட்டாது. அவ்வப்போது இன்ச் டேப்பை வைத்துப் பாருங்கள். கவுனின் அளவுக்குக் கால் இன்ச் குறைவாக நிறுத்திக்கொள்ளலாம். கடைசியாக வெள்ளை அல்லது தோல் நிறத்தில் இழுபடும் பனியன் துணியைக் குழாயாகத் தைத்து, இறுக்கமாக மேலே இழுத்துவிடுங்கள். இந்த உறையைத் தவிர்க்கவே கூடாது: டம்மியின் சாம்பல் அல்லது சிவப்பு நிறம் லேஸ் வழியாகத் தெரிந்தால் ஐவரி அழுக்காகத் தோன்றும்.

பின்னால் கயிறு கட்டும் கார்செட் கவுனுக்கு இந்த அடுக்கு வேலை இன்னொரு வகையிலும் உதவுகிறது. உடம்பு அழுந்திக் கொடுக்கும், பிளாஸ்டிக் கூடு கொடுக்காது. அளவு சரியாகவே இருந்தாலும் வெறும் டம்மியில் கயிறு நினைத்த அளவுக்கு இறுகாது.

ஸ்டாண்டுக்குப் பாதி மதிப்பெண்தான். வெறும் டம்மிக்குப் போதும். மணி வேலை செய்த கவுனும், பின்னால் தரையில் இழுபடும் நீண்ட டிரெயிலும் ஏறினால் எடை பின்பக்கம் இழுக்கும். போகிறவர் கால் ஒன்று டிரெயிலில் பட்டால் போச்சு. ஒரு காலை நேராகப் பின்பக்கம் திருப்பி, அதன் மேல் மணல் பையை வைத்து டிரெயிலால் மூடுங்கள். டம்மி ஹிப்புக்குக் கீழே முடிந்துவிடுவதால் கேன்கேன் (விறைப்பான உள்பாவாடை) இல்லாமல் பாவாடை உள்ளே ஒடுங்கிப் போகும்; நேர் கட் கவுனுக்கும் மெல்லியதாக ஒன்று போட்டால்தான் எடுப்பாக இருக்கும்.

வாங்கும் முன் உயரத்தைப் பாருங்கள். மணக்கோலக் கவுன் ஹீல்ஸுக்குச் சேர்த்து வெட்டியது. முன்பக்கத்தைத் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை அளந்து, அரை இன்ச் கூட்டி, ஸ்டாண்டின் கம்பி டம்மியின் தோளை அந்த உயரத்துக்கு ஏற்றி நழுவாமல் நிற்கிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். டயல்களையும் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கடைசிவரை முறுக்கினால் பல் உடையும். எதிரெதிர் டயலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதே முறை.

தைக்கவும் ஷோவுக்கும் ஒன்றே போதும் என்பவர்கள் இதை வாங்கலாம். அடுக்கு வேலைக்கு ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டாலில் நிறுத்த மட்டும் என்றால், டயல் இல்லாத, உங்கள் சாம்பிள் சைஸிலேயே வரும் முழு ஃபோம் டம்மியும் கனமான இரும்புத் தட்டு ஸ்டாண்டும் எடுங்கள். அதில் குண்டூசி நேராக இறங்கும். டயல் டம்மியில் பிளாஸ்டிக் தடுப்பதால் சாய்த்துத்தான் குத்த முடியும்.