மாயவரத்தில் காலாவதி சாம்பார் சாதம்: அட்டைப்பெட்டித் தேதியை நம்பி வாங்காதீர்கள்

மயிலாடுதுறைக் கடைத்தெருவில் ரெடிமேட் சாதப் பாக்கெட் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் கொத்தனார் வரவில்லை. அடுப்பும் சிலிண்டரும் திண்ணையில் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன, கையில் இருப்பது ஒரு எலக்ட்ரிக் கெட்டில்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, ஓட்டல் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. அதனால் வெந்நீரில் பையோடு போட்டுச் சூடாக்கிச் சாப்பிடுகிற சாம்பார் சாதத்தை மொத்தமாக வாங்கினோம். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றார்கள். பில் கேட்டதற்கு, “மெஷின் ரிப்பேர்ண்ணே” என்று பதில்.

அன்று இரவே அப்பாவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் ஆள் துவண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது பரவாயில்லை, பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி வைத்துத் தருகிறார்.

வீட்டுக்கு வந்து மிச்சப் பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர், அடுத்த மே வரை கெடு. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் அடியில் வேறு எழுத்து. உள்ளே இருக்கும் அலுமினியப் பையின் விளிம்பில் புள்ளி புள்ளியாக அச்சடித்திருந்த கெடுவோ போன ஜூனோடு முடிந்துவிட்டது. இரண்டு பைகள் பல்வலிக்காரன் கன்னம்போல் உப்பியிருந்தன.

கடையில் போய்க் கேட்டேன். “கம்பெனியிலேர்ந்தே அப்படித்தான் சார் வருது. நல்லா கொதிக்க வெச்சா ஒண்ணும் பண்ணாது.” வயதானவர்கள் சாப்பிடுகிற பொருளை விற்றுவிட்டு எப்படித்தான் இப்படிச் சொல்ல மனசு வருகிறதோ! சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. இந்தப் பைகளை மூடி, சுமார் 121 டிகிரிச் சூட்டில் கிருமி நீக்குவதால்தான் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்குகின்றன. மடிப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அந்தப் பாதுகாப்பு போச்சு. உப்பிய பையைப் பிரிக்கவே வேண்டாம், நாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம்.

பணம் கொடுத்த கையோடு, கடையிலேயே பெட்டியைத் திறந்து உள்பையின் தேதியையும் ஒத்துப் பாருங்கள். தேதிமேல் ஸ்டிக்கர் இருந்தால் தொடவே தொடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், புகார் கொடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். காலாவதியான உணவை விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்டிக்கர், உள்பைத் தேதி, பெட்டியில் இருக்கும் 14 இலக்க உரிம எண் மூன்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஐப்பசிக் கடைசி நாளில் இங்கே காவிரியில் நீராடுகிற கடைமுகத்துக்கு வெளியூர் ஜனம் வந்திறங்குகிற நேரம் இது. ரயிலில் சாப்பிட இந்தப் பாக்கெட்டுகளைத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.