பிள்ளைகளின் திரைக்கு நான்கு ஆண்டுக் காவல்: எவற்றை வைத்திருக்கிறேன், எதை நீக்கினேன்

மகளுக்கு ஒன்பது வயதானபோது, பள்ளிப் பாடங்களுக்காக முதன்முதலாக ஒரு டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தோம். அன்றிரவே கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை அதில் இணைத்தேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு எட்டு. இடைப்பட்ட காலத்தில் வீட்டு ரௌட்டரில் வடிகட்டி வைத்தேன். பணம் கட்டி ஒரு கண்காணிப்புச் செயலியை வாங்கி, ஏழு மாதம் ஓட்டிவிட்டு நீக்கினேன். உண்மையான ஆபத்து ஒன்று மகளிடம் வந்தபோது இவற்றில் எதுவும் எனக்குச் செய்தி சொல்லவில்லை. முதல் வாரத்து மதிப்புரைகளில் இவையெல்லாம் தெரியவராது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேமிலி லிங்க் 2017இல் வந்தது. புதிய செயலி எதையும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் நிறுவ முடியாது. நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். தூங்கும் நேரத்தில் சாதனம் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஏறத்தாழ இதே வேலையைச் செய்வது 2018இல் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்கிரீன் டைம். நான்கு ஆண்டுகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது ஒப்புதல் கேட்கும் வசதிதான். ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் அவளை அருகில் உட்காரவைத்து மூன்று விஷயங்களைச் சேர்ந்து பார்ப்போம்: இதில் அரட்டை உண்டா, முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியுமா, காசு கேட்குமா. பத்து வயதுக்குள் இந்தக் கேள்விகளுக்கு அவளே விடை தேடிக்கொண்டு வந்து ஒப்புதல் கேட்கத் தொடங்கினாள்.

நேர வரம்பில் நான் தவறு செய்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்தேன். ஓவியம் வரைவதும், கதை படிப்பதும், வீடியோவை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதும் ஒரே கணக்கில் கழிந்தன. பாதி வரைந்த படத்தோடு திரை பூட்டிக்கொள்ளும்போது அவள் அழுவாள். வரம்பில்லாமல் அனுமதிக்கும் பட்டியலில் படிப்பு, ஓவியச் செயலிகளைச் சேர்த்து, வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் கட்டுப்பாடு வைத்தபின் சண்டை பெரும்பாலும் அடங்கியது.

ரௌட்டர் வடிகட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020இல் இலவசமாகத் திறந்த 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியை ரௌட்டரில் கொடுத்திருக்கிறேன். ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அதன் இருப்பிடத்தைச் சாதனம் டிஎன்எஸ்ஸிடம்தான் விசாரிக்கும். ஆபாசத் தளம் அல்லது தீநிரல் பரப்பும் தளம் என்றால் இது வழி சொல்லாது. தற்செயலாகத் தவறான இடத்தில் போய் விழுவதை இது நன்றாகத் தடுக்கிறது. ஆனால் தளத்தின் பெயர் மட்டுமே இதற்குத் தெரியும். அனுமதித்த விளையாட்டுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை எந்த டிஎன்எஸ்ஸும் அறியாது. மொபைல் டேட்டாவுக்கோ, இணைப்பை வேறொரு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னுக்கோ மாறினால் இந்தக் காவல் அங்கேயே நின்றுவிடும்.

கண்காணிப்புச் செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மகளுக்குப் பதினொரு வயதானபோது, அவளுக்குத் தெரியாமல் அதைப் போட்டேன். அவளுடைய எல்லாச் செய்திகளையும் படித்து, ஆபத்தான சொற்கள் வந்தால் எனக்கு எச்சரிக்கை அனுப்பும் என்றார்கள். எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. “கணக்குத் தேர்வை நினைத்தால் செத்துவிடலாம் போலிருக்கிறது” என்று தோழிக்கு அவள் எழுதியது சிவப்பு நிறத்தில் வந்தது. அலறியடித்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவள் திகைத்துப்போய், “அது உங்களுக்கு எப்படித் தெரியும், அப்பா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. அடுத்த சில வாரங்களில் அவள் கைப்பேசியில் செய்திகளே குறைந்துபோயின. செயலி வேலை செய்கிறது என்றே நினைத்தேன். அவள் தோழியின் கைப்பேசியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது. நான் கண்காணித்ததால் என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அவளை நானே அனுப்பியிருக்கிறேன். செயலியை அவள் எதிரிலேயே நீக்கி, மன்னிப்புக் கேட்டேன். பழைய பேச்சு திரும்ப வர ஓர் ஆண்டு ஆயிற்று.

குழந்தைகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு அவர்களின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. அந்த உடன்படிக்கையை விளக்கி, டிஜிட்டல் சூழல் பற்றி ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2021இல் வெளியிட்ட 25ஆவது பொதுக்கருத்து இன்னும் தெளிவாகச் சொல்கிறது: குழந்தையைக் கண்காணிப்பது வாடிக்கையாகவோ, வரைமுறையின்றியோ, குழந்தைக்குத் தெரியாமலோ நடக்கக் கூடாது. நான் அந்த மூன்றையும் செய்திருந்தேன்.

பன்னிரண்டரை வயதில் அந்தச் சம்பவம் நடந்தது. நான் ஒப்புதல் கொடுத்திருந்த ஒரு விளையாட்டில், தனக்கும் பன்னிரண்டு வயது என்று சொல்லிக்கொண்ட ஒருவர் நட்பானார். முதலில் விளையாட்டுக் காசுகளைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு எந்தப் பள்ளி என்று விசாரித்தார். அடுத்து, வேறொரு செயலிக்கு வந்து பேசலாம் என்றார். “வீட்டில் சொல்லாதே, திட்டுவார்கள்” என்றார். கடைசியில் ஒரு புகைப்படம் கேட்டார். பரிசு, விசாரணை, இடமாற்றம், ரகசியம், படம் என்ற இந்த வரிசையைப் பெற்றோர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குழந்தைகளைக் குறிவைப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் நகர்கிறார்கள். ரகசியம் காக்கச் சொன்னதும் அவளுக்கு உறுத்தியிருக்கிறது. கைப்பேசியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். “திட்டமாட்டீர்களே, அப்பா?” என்பதுதான் அவளுடைய முதல் வார்த்தை.

திட்டவில்லை. கைப்பேசியையும் பிடுங்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அடுத்த முறை வந்திருக்க மாட்டாள். அந்தக் கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அதன் பிறகு விளையாட்டு நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் புகார் அனுப்பினோம். தடுக்கும் பொத்தானைக் கடைசியில்தான் அழுத்தினோம். பதற்றத்தில் முதலிலேயே தடுத்துவிட்டால் சில செயலிகளில் உரையாடலே மறைந்துபோகும்; கையில் சான்று இருக்காது. அவளுடைய சுயவிவரப் படத்தை அன்றுதான் கவனித்தேன். பள்ளிச் சீருடையில் எடுத்த படம், சட்டையில் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. ஒப்புதல் கொடுத்தபோது நான் பார்த்திருக்க வேண்டியது அது.

அவள் புகைப்படம் எதையும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படத்துக்கு நம் சாதனத்திலேயே ஓர் எண்வடிவக் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை, அது உருவாக்குகிறது. படம் நம் கையைவிட்டுப் போவதில்லை. கைரேகையை மட்டும் வைத்து, சேவையில் இணைந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. மிரட்டுபவர் பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது, செய்திகளை அழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து, ஒரு மாலை நடைப்பயிற்சியில் மகளுக்குச் சொன்னேன். தன் வகுப்புத் தோழிகளுக்கும் சொல்லலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சொல் என்றேன்.

பதின்மூன்று ஆனதும் சமூக ஊடகக் கணக்கு வேண்டும் என்று கேட்டாள். பல தளங்கள் வைத்திருக்கும் இந்த வயது வரம்பு மனமுதிர்ச்சியை அளந்து வந்ததன்று. 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பெரிய சமூக ஊடகங்களுக்கு வரம்பு 16. இரண்டையும் அவளிடம் காட்டிப் பேசினோம். ஓர் ஆண்டு பொறுப்பது என்று முடிவானது. அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. நான் சொல்லும் காரணம் என்ன என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

மகனுக்கு யூடியூப் கிட்ஸ். நாங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறோம். தேடல் கிடையாது, கூடத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். எட்டு வயதுக்கு இது போதும்.

இன்று எங்கள் வீட்டில் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, ரௌட்டர் வடிகட்டி இருக்கிறது. இரண்டின் அமைப்புகளும் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறந்தநாள்தோறும் ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறோம். இரவு ஒன்பதரைக்கு எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் சார்ஜுக்குப் போகின்றன. உங்களுடையது மட்டும் ஏன் படுக்கையறையில் என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆறு மாதமாக என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் மகன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனான். “அக்கா, இது என் பிறந்த தேதியைக் கேட்கிறது, கொடுக்கட்டுமா?” அவள் எழுதிக்கொண்டிருந்ததை மூடிவைத்துவிட்டு, “இங்கே உட்கார், யார் கேட்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்” என்றாள்.